முதியோர் இல்லத்தில் ஒரு நாயும் நாலு கோழியும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்க் கடி பற்றிய செய்திகள் அடிக்கடி வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், முதியோர் இல்லங்களில் பிராணிகளை வளர்க்கலாம் என்று எழுதுவது சிலருக்குப் பொருத்தமில்லாமல் தோன்றலாம். அதனாலேயே எழுதுகிறோம். யார் பொறுப்பிலும் இல்லாமல் தெருவில் திரியும் நாயையும், தடுப்பூசி போட்டுக் கருத்தடை செய்து ஒரு வீட்டின் ஒழுங்குக்குள் வளரும் நாயையும் ஒன்றாகவே எண்ணி, "உள்ளே பிராணியே கூடாது" என்று எழுதி ஒட்டிவிடும் நிர்வாகங்கள் உண்டு. நன்கொடையாளர் ஆசையோடு கொண்டுவந்து விட்ட குட்டிநாயை வாங்கிக்கொண்டு, மூன்றே மாதத்தில் சங்கிலி போட்டுப் புறவாசலில் கட்டிவிடும் இல்லங்களும் உண்டு. முன்னது முதியவர்களுக்குச் செய்யும் குறை. பின்னது பிராணிக்கும் சேர்த்துச் செய்யும் கொடுமை.

நெல்லைச் சீமையின் கிராமங்களிலிருந்து வந்து இல்லங்களில் இருக்கும் ஆச்சிகளும் தாத்தாக்களும் ஆடு, மாடு, கோழிகளோடு வளர்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் காட்டி, தீவனம் வைத்து, சாணி அள்ளிய கைகள் அவை. இல்லத்துக்கு வந்ததும் அந்தக் கைகளுக்கு வேலையே இல்லாமல் போகிறது. இட்லி தேடி வருகிறது, மாத்திரை தேடி வருகிறது, துணியும் துவைத்து வந்துவிடுகிறது. நல்ல பராமரிப்பு என்று நாம் நினைப்பதே ஒருவரை மெல்ல முடக்கிப்போடவும் செய்யும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991-ல் இதைத்தான் கண்டார். தாம் பொறுப்பேற்ற முதியோர் இல்லத்தில் நோயைவிடத் தனிமையும் சலிப்பும் யாருக்கும் பயன்படவில்லை என்ற ஏக்கமும் ஆட்களை அதிகம் வாட்டுகின்றன என்று கணித்து, 2 நாய்கள், 4 பூனைகள், 100 சிறுகிளிகளை உள்ளே கொண்டுவந்தார். பேசாதிருந்தவர்கள் பேசினார்கள், நடக்காதிருந்தவர்கள் நாயை நடத்திக்கொண்டு போக முன்வந்தார்கள், மருந்துத் தேவை குறைந்தது. இந்த நல்ல முயற்சியிலும் முதல் நாள் குளறுபடி நடந்தது. கிளிகள் வந்து இறங்கியபோது கூண்டுகள் வந்து சேரவில்லை. ஒரு அறைக்குள் அத்தனையையும் பறக்கவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் முதலில் நடக்கும் தவறு இதுவே. இடம், ஆள், உணவு, மருத்துவர் எல்லாம் ஏற்பாடாகுமுன் பிராணி வந்துவிடுகிறது.

பிராணி இருப்பது மட்டும் போதாது, அதற்காக முதியவர் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் கனெடிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் வெறும் செடித்தொட்டியை வைத்தே இதைக் காட்டினார்கள். "தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு" என்று சொல்லப்பட்டவர்கள், "செவிலியர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லப்பட்டவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். முதல் குழுவினருக்கு அன்றாட விஷயங்கள் சிலவற்றில் முடிவெடுக்கும் உரிமையும் சேர்த்துத் தரப்பட்டது. செடிக்கே இப்படியென்றால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் உயிருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர் அந்தக் கையால் நாயின் முதுகில் சீப்பு இழுக்கலாம். மறதி நோய் உள்ளவர் தண்ணீர்ச் சட்டியை நிரப்பலாம். இருமுறை நிரப்பினாலும் கெடுதல் இல்லை. விரல் நடுங்குபவருக்குக் கழுத்துப்பட்டைக் கொக்கியை மாட்டிக் கழற்றுவதே பயிற்சி. எழுந்து நடமாட முடியாதவர் சன்னல் வழியே கோழிகளை எண்ணிச் சொல்லலாம். மறதி நோய் குணமாகும், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

இனி நாயைப் பற்றி. குட்டி வேண்டவே வேண்டாம். பல் முளைத்து மாறும் மாதங்களில் அது எதையும் கடிக்கும், வேட்டியைப் பிடித்து இழுக்கும், ஊசி போன்ற நகத்தோடு மேலே தாவும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் மண்ணின் பெருமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவை ஓடித் துரத்துவதற்கென்றே உருவான நாய்கள். வராந்தாவில் ஒருமுறை பாய்ந்து ஓடினால் வாக்கர் பிடித்து வரும் ஆச்சி விழுந்துவிடுவார், 80 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப்பின் எழுந்து நடப்பது பலருக்கும் அரிது. முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் நம் அக்னி நட்சத்திர வெயிலில் மூச்சுவிடவே திணறும். லாப்ரடார் நல்ல குணம்தான், ஆனால் 30 கிலோ எடை, தீராத பசி.

எங்கள் பரிந்துரை, ஏற்கெனவே ஒரு வீட்டில் வளர்ந்து பழகிய, கருத்தடை செய்யப்பட்ட, 3 முதல் 6 வயதுள்ள நாட்டு நாய். பெட்டை நல்லது. எடை 12 முதல் 18 கிலோவுக்குள் இருக்கட்டும். வெளியூருக்கு மாறிப் போகும் குடும்பங்கள் தங்கள் நாயை யாரிடம் விடுவது என்று தவிக்கும்போது இப்படிப்பட்டவை கிடைக்கும்.

எடுக்குமுன் ஐந்தாறு நாள் வந்து போகப் பழக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்து முடிவு செய்யக்கூடாது, முதல் நாள் எந்த நாயும் பயத்தில் அடங்கித்தான் இருக்கும். எவர்சில்வர் தம்ளரைத் தரையில் போட்டுப் பாருங்கள். ஊன்றுகோலைச் சாய்த்து விழவிடுங்கள். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் தள்ளுங்கள். ஒருவர் திடீரென்று சத்தம் போடட்டும். திடுக்கிட்டுப் பின்வாங்கி, அரை நிமிடத்தில் தானே திரும்பி வந்து முகரும் நாய் தேறும். உறுமுவதும், உடம்பு விறைத்து அப்படியே நிற்பதும், மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வராததும் தேறாததற்கு அடையாளம். சாப்பிடும்போது தட்டருகே ஆள் வந்தால் என்ன செய்கிறது என்பதை அந்த நாயை வளர்த்தவரிடமே முதலில் கேளுங்கள். மறதி உள்ளவர்கள் நாயின் தட்டில் கை வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

விழுதலைத் தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. கழுத்துப்பட்டையில் சிறு மணி, பட்டை பளிச்சென்ற மஞ்சளில், நாயின் படுக்கை நடைபாதைக்கு வெளியே தார்சாவின் (வராந்தாவின்) மூலையில். சாப்பாட்டு நேரத்திலும், இரவு விளக்கணைத்த பின் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் நாய் இருக்கவே கூடாது. கயிற்றை முதியவர் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். நாய் இழுத்தால் கயிறு கையை விட்டுப் போக வேண்டும், ஆள் கூடப் போகக்கூடாது.

யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதைச் செவிலியர் எழுதி வைக்க வேண்டும். படுக்கைப் புண், ஆறாத சர்க்கரைப் புண், சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய் உள்ளவர்களின் கட்டிலருகே பிராணியை விடக்கூடாது. நாய் பாசத்தில் புண்ணை நக்கும், அதன் எச்சிலில் உள்ள கிருமிகள் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் ரத்தம் வரை பரவலாம். புற்றுநோய்க்கு மருந்தேறுபவர்களும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களும் இதே கணக்கில் வருவார்கள். டயாலிசிஸ் குழாயைப் பூனை கடித்துக் கிருமி புகுந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். முதியோர் தோல் மெல்லிய தாள்போல் கிழியும். ஆகவே இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுவது கட்டாயம். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

தடுப்பூசி அட்டவணை தெரிந்ததுதான். வெறிநோய்க்கும், எலிக்காய்ச்சல் உட்பட மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆண்டுதோறும் ஒரு தவணை. எலிக்காய்ச்சலை லேசாக எண்ண வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரைக் குடிக்கும் நாய், தன் மூத்திரத்தில் அந்தக் கிருமியை வெளியேற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அபாயம் அதிகம். குடற்புழு மருந்து 3 மாதத்துக்கு ஒருமுறை. கருத்தடைக்கும் தீவிர சிகிச்சைக்கும் நெல்லையை அடுத்த ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாதாரணத் தேவைகளுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகமே போதும்.

உண்ணி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இல்லங்கள் நாயை வெறுத்து வெளியே விடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உண்ணி தன் வாழ்நாளின் மிகக் குறைந்த பகுதியைத்தான் நாய் மேல் கழிக்கிறது. மீதிக் காலம் சுவர் வெடிப்பிலும், கதவு நிலை இடுக்கிலும், கட்டில் கால் பொருத்திலும் இருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் மருந்தில் குளிப்பாட்டிவிட்டு வெடிப்பை அடைக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் பழைய நிலை. சிமெண்டால் அடைத்து, சுண்ணாம்பு அடித்து, படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். முதுகில் சொட்டு விடும் மருந்து இல்லத்துக்கு ஏற்றதில்லை என்பது எங்கள் முடிவு. ஓரிரு நாள் அது ரோமத்தில் ஒட்டியிருக்கும். தடவிக்கொடுத்த கையோடு சோற்றைப் பிசைபவர்கள் நம் பெரியவர்கள். மாதம் ஒருமுறை அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை உள்ளுக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை வலிப்பு வந்து இறக்கும்.

கடியோ கீறலோ ஏற்பட்டால், "நம்ம நாய்தானே, ஊசி போட்டிருக்கே" என்று விட்டுவிடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்தே கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில் ஊசி, இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். நாயைப் பராமரிக்கும் ஊழியர் இருவருக்கு முன்கூட்டியே 3 தவணை தடுப்பூசி போட்டு வைத்தால், பின்னால் கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலினும் வேண்டியிருக்காது.

முதியோர் இல்லத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. கீழே விழும் மாத்திரை. நாளைக்கு ஐந்து, பத்து என்று மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு நழுவத்தான் செய்யும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். வலி மாத்திரைகளான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோய் மாத்திரைகளில் சிலவற்றை விழுங்கிய நாய் சர்க்கரை இறங்கி மயங்கி விழும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் உள்ள சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. மாத்திரை கொடுக்கும் அரை மணி நேரம் பிராணிகள் வேறு அறையில் இருக்கட்டும். கொடுத்து முடித்ததும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே கதவைத் திறக்க வேண்டும்.

உணவில் தப்பு பாசத்தால் நடக்கிறது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாள் முழுவதற்கும் சுமார் 850 கலோரி போதும். உலர் தீவனமென்றால் ஏறக்குறைய 240 கிராம். ஒரு இட்லி 50 கலோரி என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேர் ஆளுக்கொரு இட்லி போட்டாலே பாதி உணவு முடிந்தது. அதன்பின் தட்டில் வைப்பதெல்லாம் கொழுப்பாகும். அல்வாத் துண்டின் நெய் கணையத்தைத் தாக்கி வாந்தியில் கொண்டுபோய் விடும். சொதியில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். "போடாதீங்க ஆச்சி" என்று தடுத்தால் ஒளித்துப் போடுவார்கள், மனமும் நோகும். ஆகவே காலையிலேயே அன்றைய தீவனத்தில் கால் பங்கை எடுத்து, சிறு டப்பாக்களில் பிரித்து, போட விரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் இன்பமும் கிடைக்கும், அளவும் மீறாது.

நாய்க்கும் ஓய்வு வேண்டும். ஆளில்லாத ஒரு மூலை, அங்கே போய்ப் படுத்தால் யாரும் தொடக்கூடாது என்ற விதி. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பி வெண்விழி தெரியப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று அது சொல்லும் சொல். கடிக்கு முன்னால் இவை பெரும்பாலும் வந்தே தீரும், பார்க்கத் தெரியாதவர்கள்தான் "திடீர்னு கடிச்சிட்டுது" என்பார்கள்.

பூனை குறைந்த வேலை கேட்கும். உள்ளேயே வளரும் கருத்தடை செய்த பூனையாக இருக்கட்டும். பாலும் சோறும் மட்டும் போட்டால் கண்ணும் இதயமும் கெடும், மீனோ கோழியோ கட்டாயம். முள்ளை நீக்கிவிடுங்கள். மணல் தட்டு ஒரு பூனைக்கு இரண்டு, தினமும் சுத்தம் செய்ய வேண்டும். மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தாலும் அது தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அகற்றிவிட்டால் பயமில்லை. கர்ப்பமாக இருக்கும் ஊழியர் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

பச்சைக்கிளி வளர்த்த ஆசை பலருக்கும் உண்டு. ஆனால் நம் நாட்டுக் கிளி, மைனா இவற்றைக் கூண்டில் வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நன்கொடையாக வந்தாலும் வாங்கக்கூடாது. லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சிறுகிளிகளை வளர்க்கலாம். நாலு பறவைக்கு 3 அடி நீளக் கூண்டாவது வேண்டும். தினையும், கொத்திப் பார்க்க ஒரு கணவாய் ஓடும் தினசரித் தேவை. இங்கே பறவைகள் பட்டினியில் சாவதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. அவை தினையைத் தோலுரித்துத் தின்று உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்தே தெரியும். தினமும் உமியை ஊதித் தள்ள வேண்டும். சுளகில் புடைத்துப் பழகிய ஆச்சி ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு மணி தினை வீணாகாது. கூண்டு சமையலறைப் பக்கம் வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொல்லும். ஆஸ்துமா உள்ளவர் அறையிலும் வேண்டாம்.

வளவும் மண் தரையும் உள்ள இல்லத்துக்கு எல்லாவற்றிலும் சிறந்தது நாட்டுக்கோழிதான் என்று துணிந்து சொல்வோம். நாலைந்து பெட்டைகள் போதும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கைப்பிடி கம்போ குருணையோ அள்ளி வீசுவது தோள்பட்டைக்கு நல்ல அசைவு. அடைகாக்கும் பருவம் வந்துவிட்டால் இல்லமே விழித்துக்கொள்ளும். சேவல் இல்லையென்றால் கருவுள்ள முட்டை 10, 12 வாங்கி வைக்கலாம். 21 நாள் கணக்கு. நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் பொறுப்பு ஒருவருக்கு. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, ரத்த நரம்பு தெரிகிறதா, கூமுட்டையா என்று பார்க்கும் பொறுப்பு இன்னொருவருக்கு. இன்று என்ன கிழமை என்பதையே மறந்தவர்கள் "இன்னும் நாலு நாள்தான்" என்று கணக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. பொரித்த குஞ்சுகளைக் காகமும் பருந்தும் தூக்கும், பகலில் பஞ்சாரத்தால் மூட வேண்டும். இரவில் மரநாய் வரும், பலகைக் கூண்டில் அடைத்துத் தாழிட வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சின் முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்தும், 8 வாரத்தில் ஊசியும் தேவை. இதைத் தவறவிட்டால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும், அந்தத் துக்கம் இல்லம் முழுவதையும் பிடிக்கும். கோழியைத் தொட்டபின் கையை சோப்புப் போட்டுக் கழுவுவதும், முட்டையை நன்றாக வேகவைப்பதும் கட்டாயம்.

ஆடு வளர்க்க இடமிருந்தால் நம் பகுதிக் கன்னி ஆடு இரண்டு வாங்கலாம். முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செந்நிறக் கோடு இருந்தால் செங்கன்னி என்று பார்த்தவுடன் சொல்லும் பெரியவர்கள் இல்லத்தில் இருப்பார்கள். ஒற்றையாக வளர்த்தால் ஆடு கத்திக்கொண்டே இருக்கும். கிடா வேண்டாம், முட்டும். துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன்பே ஊசி போட்டுவிட வேண்டும்.

மாடிக் கட்டடம், மண்ணே இல்லை என்றால் மீன்தொட்டி. 2002-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் இருவரும் மறதி நோய் உள்ள 62 பேரிடம் ஆய்ந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைத்தபின் அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் சற்றுக் கூடியது. ஓரிடத்தில் உட்காராமல் எழுந்து எழுந்து போகிறவர்களை அசையும் மீன்கள் உட்காரவைத்துவிடுகின்றன. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் 55 லிட்டர் அளவு தண்ணீர் கொள்ளும். தண்ணீர், கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவுக்குக் குறையாது. முதியவர் எழும்போது அதைப் பிடித்துத்தான் எழுவார் என்று நினைத்து, தாங்குமேசையைச் சுவரோடு திருகி இறுக்க வேண்டும். உயரம் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேர் இருக்கட்டும், நின்று பார்ப்பவருக்கு ஏற்ப வைத்தால் சக்கர நாற்காலிக்காரருக்குத் தெரியாது. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து உப்பான ஆழ்குழாய்த் தண்ணீரில் கப்பி, மோலி வகைகள் நன்றாகவே இருக்கும். குளோரின் போட்ட குடிநீர் என்றால் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். முதல் மாதம் மூன்று நாலு மீன்களுக்கு மேல் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் இருபது மீன் விட்டால் எல்லாம் மிதக்கும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். தீனியை ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்து வையுங்கள். வசதியாக இருக்கிறதே என்று கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் மட்டும் போட வேண்டாம், யாராவது விழுங்கிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்யுமுன் இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் பிடிக்காதவர்களும் தலையாட்டுவார்கள். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் ஏழு முறை கழுவ வேண்டும் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் இருந்தாலும், அவர் அறையும் தொழும் இடமும் நடைவழியும் நாய்க்கு எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அது முடியாதென்றால் நாயை விட்டுப் பூனையோ மீனோ வளர்க்கலாம், பூனைக்கு அந்தத் தடை இல்லை. மடி ஆசாரம் பார்ப்பவர்களுக்கும் இதே மரியாதை. நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்ற அச்சமும் முதியோர் இல்லத்தில் சின்ன விஷயமல்ல. தூரத்து நாயின் குரலுக்கோ ஆம்புலன்ஸ் சத்தத்துக்கோ பதிலாகவே அது ஊளையிடுகிறது என்று பொறுமையாக விளக்குவதோடு, இரவில் கட்டிட வெளிப்புறத்தில் தனியே விடாமல் ஆள் அருகில் படுக்க வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

யார் பொறுப்பு என்பதில் குழப்பமே கூடாது. எல்லாருடைய நாய் என்றால் அது யாருடைய நாயும் இல்லை. ஒரு ஊழியர், அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொருவர் என்று இருவர் பெயர் பணிப் பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். காலை முக்கால் மணி, மாலை முக்கால் மணி அவர்களுடைய வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். இருக்கும் வேலையின் தலையில் இதையும் ஏற்றினால் முதலில் எரிச்சல் வரும், பிறகு பிராணிக்கு அடி விழும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கீறல், விழுதல், புகார் எல்லாவற்றுக்கும் ஒரே பதிவேடு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மிதந்ததை மறக்க முடியாது. பிராணிகளுக்கும் மேல்தளத்தில் ஒரு இடம், மூன்று நாள் தீவனம், கயிறு, கூடை, தடுப்பூசி அட்டையைப் போட்டு வைத்த பிளாஸ்டிக் உறை ஆகியவை புரட்டாசி முடிவதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

பிராணி இறந்தால் மறைக்க வேண்டாம். "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொன்னால், தங்களைப் பற்றியும் ஒருநாள் அப்படித்தான் சொல்வார்கள் என்று முதியவர்களுக்குப் புரியும். விரும்புகிறவர்கள் வந்து பார்க்கட்டும், பூப் போடட்டும். கிணற்றிலிருந்து தள்ளி, 4 அடிக்குக் குறையாமல் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மறுநாளே வேறொன்றைக் கொண்டுவந்து இடத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு கோரிக்கை எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது. தனியாக வாழும் முதியவர் தன் நாயையோ பூனையையோ விட்டுவிட்டு வர மனமில்லாமல், இல்லத்துக்கு வருவதையே தள்ளிப்போடுவது உண்டு. அதற்குள் கீழே விழுந்து மருத்துவமனை வழியாக வந்து சேர்வார், பிராணி தெருவுக்குப் போகும். சேர்க்கைப் படிவத்தில் "உங்களிடம் வளர்ப்புப் பிராணி உண்டா?" என்று ஒரே ஒரு வரி சேர்க்கலாம். மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் அவரோடு அதையும் ஏற்கலாம். முடியாவிட்டால் வாரம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட ஒரு உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்து தரலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இவ்வளவுதான். முதியோர் இல்லங்களைப் பார்வையிடும் சமூக நலத் துறை அலுவலர்கள், பிராணி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அதன் பதிவேட்டையும் பார்க்கட்டும். கால்நடை பராமரிப்புத் துறை, பிராணி வளர்க்கும் இல்லங்களுக்கு மாதம் ஒரு நாள் மருத்துவரை அனுப்பிவைக்கட்டும். நாயையும் ஆட்டையும் வண்டியில் ஏற்றி மருந்தகத்துக்குக் கொண்டுபோக ஊழியர் இல்லாததாலேயே பல தவணைகள் தவறுகின்றன. நன்கொடை தர நினைப்பவர்கள் குட்டிநாயைத் தர வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நாயின் ஒரு வருடத் தடுப்பூசிச் செலவையோ, கோழிக்கூண்டுக்கு இரும்பு வலையையோ தாருங்கள்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பிலும் கால்நடை மருத்துவத்திலும் பணிபுரிவோர் சிலர்,
பாளையங்கோட்டை.